ஆறு வாரம் அசையாத வேண்டுதல்கள்

ஈஸ்டர் ஞாயிறன்று எங்கள் சபையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எண்ணியது நான்தான், அதனால் ஓரிரண்டு கூடக் குறைய இருக்கலாம். மாடிப் படியில் உட்கார்ந்திருந்தவர்களை இரண்டு முறை எண்ணினேன், இரண்டு முறையும் வேறு வேறு எண் வந்தது. அதற்கடுத்த புதன்கிழமை காலை ஆறரை மணி ஜெபத்துக்கு மூன்று பேர் வந்தோம். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

புதன் ஜெபம் நடப்பது ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில். டியூப் லைட் மூன்று முறை கண் சிமிட்டிவிட்டுத்தான் எரியும். ஒரு சுவர் நெடுக பிளாஸ்டிக் நாற்காலிகள் என் தலைக்கு மேல் அடுக்கியிருக்கும். அவற்றில் நான்கை மட்டும் இறக்கிப் போடுவேன். மேசையின் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை. அன்று அந்த மேசைமேல் ஈஸ்டர் அலங்காரத்தில் மிஞ்சிய லில்லிப் பூக்களை யாரோ வாளியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. வேண்டுதல் நோட்டும் என்னிடம்தான். நான்கு மாதங்களுக்கு முன் அதைக் கவனித்து வந்த நர்ஸ் அக்கா வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது, "நீதான் நல்லா கோடு போடுவ" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார். என் தகுதி அவ்வளவுதான். பகலில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் போனில் வரும் புகார்களை எழுதுகிற வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலையில் அலுவலக நிர்வாக வகுப்பு. எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் ஒரு இடத்தில் நிற்கும்.

மற்ற இருவரில் ஒருவர் ஹாரன் அண்ணன். தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். அவர் ஜெபித்தால் தெருமுனை வரை கேட்கும், அதனால் அந்தப் பெயர். அந்தத் தொழிற்சாலைக்கு வாரத்தில் ஏழு நாளும் வேலை என்பதால் ஞாயிறு ஆராதனைக்கு அவரால் வர முடியாது. ஈஸ்டர் அன்றுகூட ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வேனை ஆலய வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஒரு பாட்டு முடியும் வரை கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு ஆலயம் என்றால் புதன்கிழமை மட்டும்தான்.

இன்னொருவர் மெஸ் அத்தை. மாணவிகள் விடுதியில் சமைக்கிறார். மாவு ஒட்டிய கையோடு வந்து உட்கார்ந்து, பாதி ஜெபத்தில் தூங்கிவிடுவார்.

"அத்தை தூங்கலம்மா ஸ்கேலு, பரவசத்துல இருக்காங்க" என்பார் ஹாரன் அண்ணன். எனக்கு அவர் வைத்த பெயர் ஸ்கேல்.

"யாரு தூங்குனது? கண்ணை மூடிக் கேட்டுட்டு இருந்தேன்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எங்களுக்கும் கேட்டுச்சு."

"நாலு மணிக்கு எழுந்து நூத்தியிருபது பேருக்குப் பொங்கிப் போட்டுப் பாரு. அப்புறம் வந்து சிரி."

புதன் ஜெபத்தில் செய்வது ஒன்றே ஒன்று. நான் நோட்டிலிருந்து ஒவ்வொரு வேண்டுதலையும் எண்ணோடு வாசிப்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் இரண்டு வாக்கியம் ஜெபிப்பார். எல்லாரும் ஆமென் சொல்வோம். அடுத்தது. கேட்டது நடந்துவிட்டால், கேட்டவர் எழுந்து மேசைக்கு வந்து தன் கையால் அந்த வரியை அடிப்பார். மற்றவர்கள் எழுந்து நின்று நன்றி சொல்வோம். வராத ஆளாக இருந்தால் அவரிடம் போனில் கேட்டுவிட்டு அவர் சார்பில் அடிப்போம். இதை யாரும் எங்கும் விதியாக எழுதி வைக்கவில்லை. அப்படித்தான் நடந்து வந்தது.

பட்டியலில் அறுபத்தேழு வேண்டுதல்கள் இருந்தன. வாசித்து முடிக்கவே முக்கால் மணி நேரம். ஒன்பதாவது வேண்டுதல் ஹாரன் அண்ணனுடையது: 'தம்பி என்னோடு பேச வேண்டும்.' அதன் தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது. இதற்கு முன் இரண்டு நோட்டுகள் தீர்ந்து, இது மூன்றாவது. ஒவ்வொரு முறையும் யாரோ அதைப் புதிதாக எடுத்து எழுதியிருந்தார்கள், அதே எண்ணில்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எனக்கு மட்டும் ஒரு கட்டம் போட்டிருந்தேன். தலைப்பு 'நான்'. அன்று மனம் ஊன்றி ஜெபித்தேனா என்பதற்கு ஆம், பாதி, இல்லை என்று மூன்றில் ஒன்று. ஈஸ்டர் ஞாயிறுக்கு 'ஆம்' என்று எழுதியிருந்தேன். எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்ததுகூட நினைவிருக்கிறது. முதல் புதன்: பாதி. இரண்டாவது: இல்லை. மூன்றாவது: இல்லை. பூக்கள் வாளியிலேயே அழுகிப்போயிருந்தன, அவற்றைக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

நான் என் கூடப்பிறந்த அக்கா வீட்டில் இருக்கிறேன். அன்று சாப்பிடும்போது அதை அக்காவிடம் சொன்னேன்.

"ஈஸ்டர் அன்னைக்கு இருந்தது மூணே வாரத்துல எங்க போச்சுன்னு தெரியலக்கா."

"எங்க போகும்? கிறிஸ்துமஸுக்கு வந்துடும்" என்றாள். அக்கா வருடத்தில் இரண்டு முறை ஆலயத்துக்கு வருவாள், இரண்டு முறையும் நல்ல புடவையில்.

"அது என்ன பண்டிகை போனஸா?" என்றார் மாமா. "விடு, நீ வாரம் தவறாம போற. உன் கணக்குல நாங்களும் சேர்ந்து உள்ள போயிடுவோம்."

நான் தட்டைக் கழுவப் போனேன்.

அந்த வாரம்தான் மாலை வகுப்பில் கோப்புப் பராமரிப்புப் பாடம் வந்தது. எங்கள் பயிற்றுநர் பேனா மூடியால் பலகையைத் தட்டிச் சொன்னார்: "ஆறு வாரம் எந்த அசைவும் இல்லாத கோப்பு மேசையில இருக்கக் கூடாது. எடுத்து உள்ள வைங்க. மேசையில இருக்கறது எல்லாமே உயிரோட இருக்கணும்." ஆளுக்கு ஒரு பட்டியலை எடுத்துச் சீரமைத்து, என்ன செய்தோம் என்பதை நாள்குறிப்பாக எழுதி வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். மற்றவர்கள் கடைச் சரக்குப் பட்டியல், நூலகப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் வேண்டுதல் நோட்டை எடுத்தேன்.

என் மனம் ஊன்றாததற்குப் பட்டியலின் நீளம்தான் காரணம் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். அறுபத்தேழு வரியை வாசித்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? ஞாயிறு மதியம் புது நோட்டு ஒன்றுக்கு அட்டை போட்டு, கோடிழுத்து, கடந்த ஆறு வாரத்தில் புதிதாக வந்தவை, ஏதாவது மாற்றம் தெரிந்தவை ஆகியவற்றை மட்டும் எடுத்து எழுதினேன். பத்தொன்பது வந்தன. ஒன்று முதல் பத்தொன்பது வரை புது எண் கொடுத்தேன். மற்ற நாற்பத்தெட்டில் எதையும் நான் அடிக்கவில்லை. எழுதாமல் விட்டேன். அடிப்பதும் எழுதாமல் விடுவதும் வேறு வேறு என்று நினைத்தேன்.

செவ்வாய் மாலை நாள்குறிப்பு திரும்பி வந்தது. பத்துக்கு எட்டு. 'தெளிவான சீரமைப்பு. பாராட்டுகள்.' எட்டைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

நான்காவது புதன். புது நோட்டிலிருந்து வாசித்தேன். நன்றாகவே போயிற்று. மெஸ் அத்தை தூங்கவில்லை, தூங்க நேரமில்லை. பதின்மூன்று நிமிடத்தில் பத்தொன்பதும் முடிந்தன. நோட்டை மூடி, "அவ்வளவுதான்" என்றேன்.

ஹாரன் அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. முழங்காலில் முழங்கையை ஊன்றிக் குனிந்தபடியே இருந்தார்.

"ஒன்பது வேற என்னமோ படிச்சியே?" என்றார்.

"ஆமாண்ணா, புது நோட்டுல ஒன்பது அந்த விடுதிப் பொண்ணோட பரீட்சை."

"அப்போ என் ஒன்பது?"

"அது இதுல இல்லண்ணா."

அவர் கண்ணைத் திறந்தார். மெதுவாக எழுந்து நின்றார். சட்டைப் பையில் குத்தியிருந்த பேனாவைத் தொட்டார், பிறகு கையை எடுத்துக்கொண்டார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

"பேசிட்டானா?"

எனக்குப் புரியவில்லை.

"சபைக்கா போன் பண்ணான்? போதகர் ஐயாகிட்டயா பேசினான்? எப்போம்மா?"

எங்கள் பட்டியலிலிருந்து ஒரு வரி போவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை நாள்குறிப்பில்கூட எழுதியிருந்தேன், 'தற்போதைய நடைமுறை' என்ற தலைப்பில்.

"இல்லண்ணா. யாரும் பேசல. ஆறு வாரமா எந்த மாற்றமும் இல்லாததை எல்லாம் நான்தான்... எழுதாம விட்டுட்டேன்."

அவர் உட்கார்ந்தார். நாற்காலியின் கால் தரையில் இழுபட்டது.

"ஆறு வாரமா" என்றார். பிறகு, "சரிம்மா" என்றார்.

மெஸ் அத்தை என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை. ஹாரன் அண்ணன் மணிக்கட்டைத் திருப்பி, "வண்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிக் கிளம்பினார். மணி ஆறே முக்கால்தான் ஆகியிருந்தது. ஏழே காலுக்குத்தான் அவர் வேனை எடுப்பார்.

அன்று பகலில் மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. 'மன்னிச்சிடுங்க அண்ணா, பழைய நோட்டையே திரும்ப எடுத்துட்டேன்' என்று செய்தி அனுப்பினேன். மாலையில் கும்பிடும் கைப் படம் ஒன்று வந்தது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

ஐந்தாவது புதன் அவர் வரவில்லை. மெஸ் அத்தையும் நானும் மட்டும். நான்காவது நாற்காலியை இறக்கவே இல்லை. மூன்றாவதை இறக்கிப் போட்டிருந்தேன்.

"ஆறு வாரம்னு உனக்கு யாரு சொன்னது?" என்றார் அத்தை.

"கிளாஸ்ல சொன்னாங்க அத்தை."

"ஜெபத்துக்கா சொன்னாங்க?"

"இல்ல. கோப்புக்கு."

"என் முட்டிவலியையும் விட்டுட்ட. இருபத்தாறாவது நம்பர். நீ படிக்கலன்னதும் சரியாயிடுச்சோன்னு விடுதியில மாடிப்படி ஏறிப் பார்த்தேன். எட்டாவது படியில உட்கார்ந்துட்டேன். ரெண்டு பொண்ணுங்க வந்துதான் தூக்கி விட்டுச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தை இரண்டையும் கண்டுகொள்ளவில்லை.

"சிரிக்காத. அந்த ஹாரனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பெரிய வெள்ளி கிடையாது, எதுவும் கிடையாது. இந்த ஒரு முக்கால் மணி நேரம்தான். அதுல அந்த ஒரு வரிதான். அவனை நீதான் கூட்டிட்டு வரணும். நான் போய்க் கேட்டா கிண்டல் பண்ணியே அனுப்பிடுவான்."

அந்த ஞாயிறு போதகர் ஐயா வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். "புதன் ஜெபம் எப்படிம்மா போகுது?" என்று கேட்டார். "நல்லா போகுதுங்க ஐயா" என்றேன். எனக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் இருந்தார்கள். இருந்தாலும் அது பொய்தான். 'நான்' கட்டத்தில் அதற்கு இடமில்லாததால் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

ஆறாவது புதனும் அவர் வரவில்லை. நானும் அத்தையும் பழைய நோட்டிலிருந்து அறுபத்தேழையும் வாசித்தோம். ஒன்பதாவது வந்தபோது அத்தை என்னைப் பார்த்து, "நீ ஜெபி" என்றார். தம்பி அண்ணனோடு பேச வேண்டும் என்று சொல்லத் தொடங்கி, அந்தத் தம்பி யார், எங்கே இருக்கிறார், ஏன் பேசவில்லை என்று எதுவுமே எனக்குத் தெரியாது என்று கண்டுபிடித்தேன். நான்கு மாதம் வாரா வாரம் அந்த வரியை வாசித்திருக்கிறேன்.

அன்று அலுவலகத்தில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து வழக்கமாகக் கூப்பிடும் பெரியவர் போனில் வந்தார். அவர் புகாரை ஆறு வாரம் ஆனதும் நாங்கள் மூடிவிடுவோம். அவர் புதிதாகக் கூப்பிடுவார். "மேடம், புகாரை நீங்க மூடிட்டீங்க. ஆனா லிஃப்ட் கதவு மூட மாட்டேங்குது" என்றார். பழைய எண்ணிலேயே திரும்பத் திறந்து, மெக்கானிக்கை அனுப்பினேன். மேலாளர் ஏன் என்று கேட்டார். கதவு மூடவில்லை, அதனால்தான் என்றேன்.

வெள்ளி மாலை வகுப்புக்குப் போகவில்லை. அந்த வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அதுதான் முதல் முறை. இரண்டு நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு, தொழிற்சாலை வேன்கள் நிற்கும் ஷெட்டுக்குப் போனேன். தரையெல்லாம் எண்ணெயும் தண்ணீரும். கால் மிதியடிகளைக் கம்பியில் காயப்போட்டிருந்தார்கள். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வேனாகப் பார்த்து நடந்தேன்.

"அண்ணே, செக்கிங் வந்திருக்காங்க, நோட்டோட!" என்று ஒருவர் கத்தினார்.

ஹாரன் அண்ணன் கடைசி வேனின் உள்ளே இருக்கைகளுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தார். தலையை நீட்டிப் பார்த்தார்.

"செக்கிங் இல்லடா, நம்ம ஸ்கேலு" என்றார். பிறகு, "கிளாஸ் இல்லையா இன்னைக்கு?"

"இருக்கு. போகல."

"நீ கிளாஸுக்குப் போகலையா? உலகம் முடியப் போகுதுன்னு சொல்லு."

வேனின் படியில் உட்கார்ந்தார். எனக்குத் தண்ணீர்க் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். நான் தயார் செய்துவைத்திருந்தது நான்கு வாக்கியம். முதலாவதைச் சொன்னேன்: நான் செய்தது தவறு. இரண்டாவதைச் சொன்னேன்: உங்களிடம் கேட்காமல் செய்திருக்கக் கூடாது. மூன்றாவது மறந்துபோயிற்று.

"விடும்மா. நான் உன் மேல கோபமா இருக்கேன்னா நினைச்ச?"

"அப்புறம் ஏன் வரல?"

அவர் துடைப்பத்தின் நுனியில் சிக்கியிருந்த சாக்லேட் காகிதத்தைப் பிய்த்து எடுத்தார்.

"அன்னைக்கு நான் எழுந்து நின்னேன் இல்ல, பேசிட்டானான்னு கேட்டேன் இல்ல. நீங்க ரெண்டு பேரும் என்ன நினைச்சீங்க? இவன் எவ்வளவு ஆசையா கேக்கறான் பாருன்னு நினைச்சிருப்பீங்க."

"ஆமா."

"பயந்துட்டேம்மா. உள்ளுக்குள்ள அப்படியே சில்லுனு ஆயிடுச்சு. ஐயோ, நிஜமாவே கூப்பிட்டுட்டானா, இப்ப நான் என்ன பேசுவேன்னு. நீ இல்லன்னு சொன்னதும் எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? நிம்மதி. ஆறு வருஷமா கத்திக் கத்திக் கேட்டது நடக்கலன்னதும் ஒருத்தனுக்கு நிம்மதி வந்தா, அவன் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அங்க வந்து உட்காருவான்?"

நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவன் கல்யாணத்துக்கு நான் போகல. டூட்டி, வண்டிய விட முடியாதுன்னு சொன்னேன். எல்லாரும் பாவம் ஏழு நாளும் வேலைன்னு நம்பிட்டாங்க. அவன் மட்டும் நம்பல. அன்னைக்கு எனக்கு டூட்டி இல்லம்மா. பொண்ணு பார்க்கப் போகும்போது என்னைக் கூப்பிடலன்னு வீம்பு. வீட்டுல கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தேன். நானும் அவனும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவங்க. அவன் அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. நானும் ஆறு வருஷமா ஆண்டவர்கிட்ட, அவன் பேசணும், அவன் பேசணும்னு புகார் குடுத்துட்டு இருக்கேன்."

அடுத்த வேனில் யாரோ ரேடியோவைப் போட்டு, உடனே அணைத்தார்கள்.

இந்த இடத்தில் சரியான ஆள் ஒருவர் இருந்திருந்தால் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பார். நான் நோட்டைத் திறந்தேன்.

"அப்போ வேண்டுதலை மாத்தி எழுதணுமாண்ணா?"

"என்னது?"

"இப்ப 'தம்பி என்னோடு பேச வேண்டும்'னு இருக்கு. நீங்க கேக்கறது அது இல்லன்னா, என்ன கேக்கறீங்களோ அதை எழுதறேன். புது நம்பர் போடணுமா, பழைய நம்பரேவான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். செக்கிங் என்று கத்தியவர் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"பழைய நம்பரே இருக்கட்டும். ஒன்பது."

"சரி. வாசகம்?"

அதற்கு நேரமாயிற்று. அவர் ஒன்று சொல்வார், நான் எழுதுவேன், வேண்டாம் என்பார். ஒரு கட்டத்தில் துடைப்பத்தை எடுத்து மீதி வேனையும் கூட்டினார். கூட்டி முடித்து இறங்கி வந்து சொன்னார், நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

"புதன் வருவீங்களா?" என்றேன்.

"அடுத்த வாரத்துல இருந்து ஷிஃப்ட் அரை மணி முன்னாடி மாத்திட்டாங்க. ஆறரைக்கு நான் வண்டியில ஆளை ஏத்திட்டு இருப்பேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாக்கு இல்லம்மா. இந்த முறை நிஜமாவே டூட்டி" என்றார்.

அவர் சொன்னதை நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு புது நோட்டுக்கு அட்டை போட்டேன். அறுபத்தேழையும் பழைய எண்களிலேயே, பழைய தேதிகளோடு எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்து, "இது என்ன, தண்டனையா?" என்றாள். இல்லை என்றேன். சற்றுக் கழித்து அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுத எழுத வரிகளைப் படித்துச் சொன்னாள். நாற்பதாவது வரியில், "இவங்களுக்கு இன்னும் குழந்தை இல்லையா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள். எனக்கும் அது ஒரு வரியாக மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன்.

ஏழாவது புதன். மெஸ் அத்தை முதல் நாளே சொல்லிவிட்டார்: விடுதியில் பரீட்சை வாரம், காலைச் சாப்பாடு ஆறு மணிக்கே வேண்டும், வர முடியாது. ஆறரைக்கு அறையைத் திறந்தேன். டியூப் லைட் மூன்று முறை சிமிட்டியது. ஒரு நாற்காலி இறக்கினேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டை இறக்கினேன்.

தனியாக இருக்கும்போது சத்தமாக வாசிக்க வேண்டுமா, மனதுக்குள் வாசித்தால் போதுமா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். சத்தமாகவே வாசித்தேன். ஒன்று. ஜெபம். ஆமென். இரண்டு. என் குரல் நாற்காலி அடுக்கில் பட்டுத் திரும்பி வந்தது. ஒன்பதை வாசித்து, எனக்குத் தெரிந்ததை எல்லாம் வைத்து இரண்டு வாக்கியத்துக்குப் பதில் ஆறேழு வாக்கியம் ஜெபித்தேன். இருபத்தாறில் அத்தையின் முட்டிக்கு ஜெபிக்கும்போது எட்டாவது படி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அதற்கும் சேர்த்து ஆமென் சொன்னேன்.

முப்பத்தொன்றை முடித்தபோது வெளியே ஹாரன் கேட்டது. இரண்டு முறை, சின்னதாக.

நோட்டோடு வெளியே ஓடினேன். ஆலயத்துப் பக்கவாட்டுச் சந்தில் வேன் நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மின்கம்பம், கதவைத் திறக்கக்கூட இடமில்லை. உள்ளே எல்லா இருக்கையிலும் ஆட்கள், மடியில் சாப்பாட்டுப் பை. ஹாரன் அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஒன்பது படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன். திரும்பப் படிக்கட்டுமா?"

"சீக்கிரம். பின்னாடி பால் வண்டி வருது."

நோட்டைப் பிரித்தேன். "ஒன்பது. நம்ம ஹாரன் அண்ணனோட..."

"பேரெல்லாம் வேணாம்மா, எல்லாரும் இருக்காங்க."

"ஒன்பது. தம்பிக்கு நானே போன் செய்து, அன்று டூட்டி இல்லை என்று சொல்ல தைரியம் வேண்டும்."

அவர் தொப்பியைக் கழற்றி ஸ்டியரிங் மேல் வைத்தார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹாரன் அண்ணன் ஜெபித்து எனக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் முறை. ஆமென் மட்டும் கேட்டது.

"ஆமென்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அண்ணா, கார்டு பஞ்ச் பண்ணணும், வண்டிய எடுங்க."

"எடுக்கறேன்டா, இரு."

நடு ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண் ஒருவர் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். இதற்கு முன் அவரை நான் பார்த்ததே இல்லை. "அந்த நோட்டுல யாரு வேணா எழுதலாமாம்மா?"

"எழுதலாம்க்கா."

"என் பொண்ணுக்கு நாளைக்கு இன்டர்வியூ. மூணாவது இன்டர்வியூ. எழுதிக்கோ."

வேனின் பக்கத்தில் நோட்டை வைத்து, அறுபத்தெட்டு என்று போட்டு எழுதினேன். பின்னால் பால் வண்டி சத்தம் போட்டது. ஹாரன் அண்ணன் தொப்பியை மாட்டிக்கொண்டு, "அடுத்த புதனும் இதே நேரம்தான். வாசல்லயே நில்லு" என்று சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினார். தம்பிக்கு எப்போது போன் செய்யப் போகிறார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நோட்டில் இருக்கிறது, அடுத்த வாரமும் வாசிப்பேன்.

உள்ளே வந்து வருகைப் பகுதியில் 'ஒன்று' என்று எழுதினேன். அது சரியில்லை என்று பட்டது. 'இரண்டு' என்று திருத்தினேன். அந்த இன்டர்வியூ அம்மாவை என்ன செய்வது, ஆமென் சொன்னவரை எங்கே சேர்ப்பது? கடைசியில், 'அறையில் ஒருவர். சந்தில் ஒரு வேன்' என்று எழுதினேன். வகுப்பில் இதைக் காட்டினால் பத்துக்கு எட்டு கிடைக்காது.

மணி ஏழு ஐந்து. எட்டரைக்கு அலுவலகத்தில் போன் அடிக்கத் தொடங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து, முப்பத்திரண்டிலிருந்து மறுபடியும் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன்.